அக்காவின் ஜன்னியும் பேத்தியின் பி.பி.யும்



போன மாதம் முழுக்க டீச்சர் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். என் அக்காவின் பேத்திக்குப் பிரசவம். 33-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, 1,450 கிராம். தாயும் பிள்ளையும் இப்போது நலம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சின்னப்பாட்டி, பேரை மட்டும் போடாதீங்க" என்றாள்.

ஏழாம் மாத ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. குழந்தை வாரத்துக்குத் தகுந்த வளர்ச்சி இல்லை என்றார்கள். அதே வாரம் அவளுக்கு ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம். கால், முகமெல்லாம் வீக்கம். வீட்டில் உடனே ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. "நேரத்துக்குச் சாப்பிட மாட்டா", "எப்பப் பாத்தாலும் போனு", "ஊறுகாயைக் குறைன்னு சொன்னேன், கேட்டாளா?" அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு 1973 ஐப்பசி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பலருக்கு என் அக்கா எப்படி இறந்தாள் என்று தெரியாது. "ஜன்னி கண்டு போய்ட்டா" என்று சொல்லித்தான் உங்களை எல்லாம் வளர்த்தோம். அப்போது அக்காவுக்கு 19 வயது, எனக்கு 13. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கால் வீங்கியது. "கர்ப்பிணிக்குக் கால் வீங்குறது நல்ல நீர்தான்" என்றார்கள், பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். எட்டாம் மாதத்தில் தலைவலி என்றாள். கண் முன்னே பூச்சி பறக்கிறது என்றாள். அன்று ராத்திரி வலிப்பு வந்தது. மாட்டுவண்டியில் ஏற்றி, பிறகு ஒரு வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர விடிந்துவிட்டது. குழந்தை பிறந்தது, மூன்று ராத்தலுக்குக் கொஞ்சம் மேல். அக்கா மறுநாள் போய்விட்டாள். பஞ்சில் சுற்றி என் அம்மா வளர்த்த அந்தக் குழந்தைதான் இப்போது பிள்ளை பெற்றவளின் தாய்.

அம்மா சாகும்வரை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "பிள்ளை பெருத்தா பிரசவம் கஷ்டம்னு சோத்தைக் கொறச்சுக் குடுத்தேன். நான்தான் கொன்னுட்டேன்." ஊர் வேறு சொன்னது. அக்காவின் புகுந்த வீட்டில் இன்னொன்று சொன்னார்கள். கண்ணேறு, உச்சிவேளையில் ஆற்றங்கரைக்குப் போனது, இப்படி.

இந்த ஒரு மாதமாக, இன்குபேட்டர் அறை வாசலில் உட்கார்ந்தபடி, என் பழைய மாணவி ஒருத்தி (இப்போது மகப்பேறு மருத்துவர்) அனுப்பியதை எல்லாம் படித்தேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் அவளைத் தொந்தரவு செய்தேன். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. எட்டாம் வகுப்பு வரைக்கும் அறிவியல் நடத்தியவள். ஆகையால் எனக்குப் புரிந்த அளவில், வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். சரித்திரமாகவே சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்த வலிப்பை மருத்துவர்கள் எக்லாம்ப்சியா என்பார்கள். கிரேக்கச் சொல். சட்டென்று மின்னுவது என்று பொருள். வானம் வெளுப்பாக இருக்கும்போது இடி விழுந்த மாதிரி வருவதால் அப்படி ஒரு பெயர். ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் வருவதில்லை என்பதை முதலில் காட்டியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த ஜான் லீவர். ஆண்டு 1843. அதே மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்பவர், சிறுநீரகம் கெட்டவர்களின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரிகிறது என்று ஏற்கெனவே கண்டிருந்தார். லீவர் அதையே வலிப்பு வந்த கர்ப்பிணிகளிடம் செய்து பார்த்தார். திரிந்தது. பிரசவம் ஆகிச் சில நாளில் அது மறைந்தும் போனது. அதனால் இது சாதாரணச் சிறுநீரக நோய் இல்லை என்று அவருக்குப் பட்டது. நம் பக்கத்தில் இன்றும் "யூரின்ல உப்பு இருக்கு" என்கிறோமே, அது உப்பு இல்லை, இந்தப் புரதம்தான். உப்பு என்று பேர் வைத்ததால்தான் பாவம் ஊறுகாய்மேல் பழி விழுந்தது என்று நினைக்கிறேன்.

ரத்த அழுத்தம் பார்க்க அப்போது கருவி இல்லை. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் முறையை இத்தாலியில் ரீவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் வலிப்பு வரும் பெண்களுக்கு முன்னாலேயே அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்தது. வலிப்புக்கு முந்தைய நிலை என்று ஒன்றைப் பிரித்தார்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற பெயர் அப்படி வந்தது. இன்றைய கணக்குப்படி, 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90 தொட்டு, கூடவே சிறுநீரில் புரதமோ, சிறுநீரகம், கல்லீரல், ரத்தத் தட்டணுக்கள், மூளை, நஞ்சு இவற்றில் ஏதாவது பாதிப்போ இருந்தால் அது. உலகத்தில் 100 கர்ப்பத்துக்கு 2 முதல் 8 வரை இது வருகிறது.

அறிகுறி தெரிந்தது. காரணம் தெரியவில்லை. ரத்தத்தில் ஏதோ விஷம் சேர்கிறது என்று டாக்சீமியா என்று அழைத்தார்கள். என்ன விஷம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பால் ஸ்வைஃபெல் என்ற ஜெர்மன் மருத்துவர் 1916-ல் சலித்துப்போய், இது கொள்கைகளால் ஆன நோய் என்று பெயரே வைத்துவிட்டார். வைத்தியமும் அப்படித்தான். ரத்தத்தைக் கத்தி வைத்து வடித்தார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். ரஷ்யாவில் ஸ்ட்ரோகனாஃப் என்பவர் இருட்டறையில் சத்தமில்லாமல் படுக்கவைத்து மார்ஃபின் கொடுத்தார். முதல் உலகப்போரில் ஜெர்மனியில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்தபோது எக்லாம்ப்சியா குறைந்ததாகச் செய்தி வந்தது. உடனே கர்ப்பிணிகளுக்குச் சாப்பாட்டைக் குறை, எடை ஏறவிடாதே, உப்பை நிறுத்து என்று மேல்நாட்டு டாக்டர்களே பல பத்தாண்டுகள் சொன்னார்கள்.

அம்மா சோற்றைக் குறைத்தது பட்டிக்காட்டு மூடத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். லண்டனில், நியூயார்க்கில் படித்த டாக்டர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னதில் ஒன்றைக் கவனித்தீர்களா? குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாயை ஒரு நோட்டிலும் குழந்தையை இன்னொரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தார்கள். குழந்தை நோட்டில் இருந்தது எடை மட்டும். 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எல்லாமே குறைமாதம். உலக சுகாதார நிறுவனமே 1950-ல் அப்படித்தான் வரையறுத்தது. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையும், பத்து மாதம் இருந்தும் மெலிந்து பிறந்த குழந்தையும் ஒரே கட்டத்தில். வகுப்பில் வயது பார்க்காமல் உயரத்தை மட்டும் பார்த்துப் பையன்களைப் பிரிப்பதுபோல. 1961-ல்தான் அந்தப் பெயரை மாற்றி எடைக்குறைவு என்றார்கள். 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் லூலா லுப்செங்கோ என்ற பெண் மருத்துவர், எந்த வாரத்தில் பிறந்த குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று வளர்ச்சிக் கோடு போட்டுக் காட்டினார். நம் அங்கன்வாடி அட்டையில் இருக்கிறதே, அந்த மாதிரிக் கோடு. அதே ஆண்டு பால்டிமோரில் பீட்டர் க்ரூன்வால்ட் என்பவர், வயிற்றிலேயே பட்டினி கிடந்த குழந்தைகள் இருக்கிறார்கள், அதற்கு நஞ்சுக்கொடி போதாமை ஒரு காரணம் என்று எழுதினார்.

நஞ்சு. இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். பிரசவமானதும் வெளியே வருவதை நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் சொல்கிறோம். "நஞ்சு விழுந்துச்சா?" என்று கேட்காத மருத்துவச்சி உண்டா? மேல்நாட்டுக்காரர்கள் விஷத்தைத் தேடி ரத்தம், கல்லீரல், குடல் என்று அலைந்தபோது, நம் மொழியில் அந்த உறுப்புக்கே நஞ்சு என்று பெயர் இருந்தது. உடனே "அன்றே சொன்னான் தமிழன்" என்று ஃபார்வர்டு செய்ய வேண்டாம், டீச்சருக்குக் கோபம் வரும். நம் பாட்டிமார்களுக்கும் காரணம் தெரியாது. ஒத்துப்போனது எனக்குச் சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

நஞ்சுமேல் சந்தேகம் வர ஒரு நல்ல சாட்சி இருந்தது. முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வயிறு பெருக்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே குழந்தை இருக்காது. நஞ்சின் திசுதான் திராட்சைக் குலை மாதிரி வளர்ந்திருக்கும். அந்தப் பெண்களுக்கும் அழுத்தம் ஏறும், புரதம் போகும். அதுவும் 20 வாரத்துக்கு முன்னாலேயே. அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். குழந்தையே இல்லாமல் இந்த நோய் வருகிறது என்றால் குற்றவாளி யார்? 1914-லேயே எடின்பரோவில் ஜேம்ஸ் யங், நஞ்சுக்கு ரத்தம் போய்ச் சேராததுதான் மூலம் என்று வாதிட்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்தவர் இல்லையே.

பார்த்தவர்கள் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நஞ்சு ஒட்டியிருந்த கர்ப்பப்பைச் சுவரைப் பார்க்க வேண்டும். ஜமைக்காவில் டிக்ஸன் என்ற பிரசவ மருத்துவரும் ராபர்ட்சன் என்ற திசு ஆய்வாளரும் சேர்ந்தார்கள். சிசேரியன் செய்யும்போது நஞ்சு இருந்த இடத்திலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். 1958-ல் எழுதினார்கள். பிறகு லண்டனில் பெல்ஜியத்துக்காரர் ஐவோ ப்ரோசென்ஸ் அவர்களோடு சேர்ந்தார். 1967-ல் ஆரோக்கியமான கர்ப்பத்தில் என்ன நடக்கிறது என்றும், 1972-ல் ப்ரீ-எக்லாம்ப்சியாவில் என்ன நடக்கவில்லை என்றும் மூவரும் வெளியிட்டார்கள். என் அக்கா இறப்பதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு.

அவர்கள் கண்டதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கர்ப்பப்பைச் சுவரில் சுமார் நூறு சிறு ரத்தக்குழாய்கள் சுருள் சுருளாக வந்து முடிகின்றன. 1774-ல் வில்லியம் ஹன்டர் வெளியிட்ட படப்புத்தகத்திலேயே அந்தச் சுருள்கள் இருக்கின்றன. சாதாரண நாளில் அவை குறுகலானவை. சுற்றிலும் தசை உண்டு. உடம்பு நினைத்தால் இறுக்கி ரத்தத்தைக் குறைத்துவிடலாம். கர்ப்பம் நின்றதும் நஞ்சின் அணுக்கள் சுவருக்குள் புகுந்து, அந்தக் குழாய்களின் தசையை நீக்கி, வாயை அகல வெட்டிவிடுகின்றன. குறுகிய மடை பெரிய வாய்க்காலாக மாறுகிறது. தண்ணீர் நிறைய வரும், ஆனால் அமைதியாக வரும். இனி யாரும் மடையை அடைக்க முடியாது. இந்தத் தூர்வாரும் வேலை பெரும்பாலும் 20 வாரத்துக்குள் முடிந்துவிடும்.

சிலருக்கு அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. மடை குறுகலாகவே இருக்கும். அதில் வருகிற கொஞ்ச ரத்தமும், ஹோஸ் குழாய் நுனியை விரலால் அழுத்தினால் பீய்ச்சுமே, அப்படிப் பீய்ச்சி அடித்து நஞ்சின் மெல்லிய இழைகளைச் சிதைக்கிறது. கடைமடையில் இருப்பது குழந்தை. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயல் காய்கிறது. குழந்தை வளர்ச்சி நிற்கிறது.

1977-ல் அதே மூவரும் இன்னொன்று எழுதினார்கள். ரத்த அழுத்தமே ஏறாமல், குழந்தை மட்டும் வளராமல் போன தாய்மாரிடமும் இதே குறுகிய மடை இருந்தது. சண்டை வந்தது. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1986-ல் கோங் என்பவரும் சேர்ந்து மறுபடி பார்த்து அதையே சொன்னார்கள். ஆக, தாய் நோட்டில் எழுதிய அழுத்தமும் குழந்தை நோட்டில் எழுதிய எடையும் பல பேருக்கு ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, லீவரிலிருந்து கணக்கிட்டால், 130 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, மடை குறுகினால் குழந்தை மெலியும், புரிகிறது. தாய்க்கு ஏன் அழுத்தம் ஏற வேண்டும்? இதற்கு விடை சொன்னதில் நம் ஊர்ப் படிப்பு படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனுக்குப் போன சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி. 2003-ல் அவரும் ஷாரன் மேனார்டும் மற்றவர்களும் சேர்ந்து, ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களின் நஞ்சு ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது என்று காட்டினார்கள். அதன் பெயர் எஸ்-ஃப்ளிட்-1. தாயின் ரத்தக்குழாய் உள்சுவர் நலமாக இருக்க சில வளர்ச்சிப் புரதங்கள் வேண்டும். இது போய் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. உள்சுவர் தளர்கிறது. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் ஒழுகுகிறது, உடம்பு வீங்குகிறது. கருவுற்ற எலிகளுக்கு அதைச் செலுத்தினார்கள், எலிகளுக்கும் அழுத்தம் ஏறிப் புரதம் போனது. விஷம் என்று நூறு வருடம் தேடினார்களே, ஏறக்குறைய அதுதான் இது. நஞ்சிலிருந்தே வந்தது.

என் மாணவி இங்கே ஒரு எச்சரிக்கை சொன்னாள். எல்லாரையும் இந்தக் கணக்கில் அடைக்கக்கூடாது. மாதம் நிறைந்த பிறகு அழுத்தம் ஏறுகிற பலருக்குக் குழந்தை நல்ல எடையிலேயே இருக்கும். சில குழந்தைகள் அப்பா அம்மாவைப் போலச் சின்ன உருவம், அவ்வளவுதான், நோய் இல்லை. மடை குறுகியும் ஒரு தாய் தாங்கிக்கொள்கிறாள், இன்னொருத்தி தாங்குவதில்லை. ஏன் என்பது முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் 34 வாரத்துக்கு முன்பே அழுத்தம் ஏறினால் குழந்தையும் சிறுத்திருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை சிறுத்திருக்கிறது என்று முதலில் தெரிந்தால், தாயின் அழுத்தத்தை விடாமல் பார்க்க வேண்டும்.

இப்போது வீட்டு விசாரணைக் கமிஷனுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஜெர்மானியர்கள் உணவை நிறுத்திப் பஞ்சம் வந்தபோது, கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் குழந்தைகள் சுமார் 300 கிராம் குறைவாகப் பிறந்தன. அது நாடே பட்டினி கிடந்த கதை. எங்கள் பேத்தி இரண்டு நாள் இட்லியை மிச்சம் வைத்த கதை இல்லை. மடை வெட்டும் வேலை அரைகுறையாக நின்றது நாலாம் ஐந்தாம் மாதத்துக்குள், யாருக்கும் தெரியாமல். ஏழாம் மாதத்தில் அவள் பார்த்த போனும் தின்ற ஊறுகாயும் பின்னால் போய் அதை நிறுத்த முடியாது. சம்பந்தியம்மாவிடம் இதை ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு டிஷ்யூ காகிதத்தில் வாய்க்கால் படம் போட்டு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் ரெண்டாவது பிள்ளை எட்டு மாசத்துல செத்துதான் பொறந்தது டீச்சர். இருபத்தெட்டு வருஷமா நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. இரண்டு பேரும் ஆறிப்போன காபியைக் குடித்தோம். இதை எழுத அவரும் சம்மதித்தார்.

வலிப்புக்கு வைத்தியம் வந்த கதையிலும் நம் ஊருக்கு இடம் உண்டு. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. அங்கே டாக்டர் கிருஷ்ண மேனன், மூன்று மருந்துகளைச் சேர்த்து வலிப்பை அடக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்து 1961-ல் எழுதினார். இந்தியா முழுக்க அதைப் பின்பற்றினார்கள். அக்காவுக்கும் அதுதான் கொடுத்தார்களா, கொடுக்க நேரம் இருந்ததா, யாரைக் கேட்பது? அந்தச் சீட்டுகூட எங்களிடம் இல்லை.

இன்றைக்குக் கொடுப்பது மெக்னீசியம் சல்ஃபேட். கேட்டால் சிரிப்பீர்கள், நாம் பேதி உப்பு என்போமே, அதுதான். ஊசியாகப் போடுகிறார்கள். அமெரிக்காவில் வெகுநாளாக இருந்தது, மற்ற நாட்டுக்காரர்கள் நம்பவில்லை. 1995-ல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலிப்பு திரும்ப வருவது டயசிபாமைவிட 52 சதவீதமும், ஃபெனிட்டாயினைவிட 67 சதவீதமும் குறைந்தது. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் பார்த்தபோது, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் பாதிக்கு மேல் தடுக்கலாம் என்று தெரிந்தது. மேனன் முறையோடு ஒப்பிட்டதிலும் பேதி உப்பே ஜெயித்தது. பேத்திக்கு அதைத்தான் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் எரிகிறது என்றாள். ஆனால் வலிப்பு வரவில்லை.

குழந்தைக்கு? குறுகிய மடையை அகலமாக்க இன்றுவரை மருந்து இல்லை. பி.பி. மாத்திரை தாயின் மூளையைக் காப்பாற்றும், குழந்தையை வளர்க்காது. உள்ளே இருப்பது ஆபத்தா, வெளியே வருவது ஆபத்தா என்று நாள் நாளாக எடைபோட வேண்டும். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் முறை 1977-ல் டப்ளினில் தொடங்கியது. எங்கள் டாக்டர் இரண்டு நாளைக்கு ஒருமுறை அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்பது நாள் தள்ளினார். நுரையீரல் முதிர ஊசி போட அந்த ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது. நஞ்சு வெளியே வந்த பிறகுதான் தாயின் நோய் இறங்கத் தொடங்கும். இறங்க நாளாகும். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். குழந்தை பிறந்துவிட்டது என்று பி.பி. பார்ப்பதை நிறுத்தக்கூடாது.

வருமுன் தடுக்க ஒரு சிறு மாத்திரை இருக்கிறது, ஆஸ்பிரின். முதலில் பெரிய நம்பிக்கை, பிறகு 1994-ல் 9,364 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஏமாற்றம். யாருக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. 2017-ல் ஆபத்து அதிகமுள்ள பெண்களை மூன்றாம் மாதத்திலேயே தேர்ந்து, இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே வருகிற வகை 62 சதவீதம் குறைந்தது. மடை வெட்டும் பருவத்திலேயே கொடுக்க வேண்டும், ஏழாம் மாதத்தில் கொடுத்துப் பயனில்லை. கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டர் எப்படித் தேர்ந்தெடுப்பார்? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இவற்றோடு ஒரு கேள்வியும் கேட்பார். உங்கள் அம்மாவுக்கோ சகோதரிக்கோ பிரசவத்தில் பி.பி., வலிப்பு வந்ததா? அமெரிக்காவில் லியான் செஸ்லி என்பவர் எக்லாம்ப்சியா வந்த பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து போய்ப் பார்த்து, அவர்களுடைய மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் இந்த நோய் அதிகம் வருகிறது என்று காட்டினார்.

1984-ல் நான் கர்ப்பமாக இருந்தபோது நர்ஸ் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார். செத்துப்போன அக்காவைப் பற்றிச் சொன்னால் ராசியில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று "யாருக்கும் இல்ல சிஸ்டர்" என்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, தப்பித்தேன். அக்கா மகளுக்கும் 1997-ல் சுகப்பிரசவம். அவளிடமும் நாங்கள் சொல்லவில்லை. பேத்தியின் அட்டையில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. அந்த அட்டையை ஆஸ்பத்திரியில் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டிக்கு வந்ததைச் சொல்லியிருந்தால் மட்டும் மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்கிறாள் என் மாணவி. தாய், சகோதரியைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுப்பார்களாம். அவள் எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே சொந்தங்களே, இப்போது சொல்கிறேன். என் அக்கா, உங்களில் சிலருக்குப் பெரியம்மா, சிலருக்கு அத்தை, 1973-ல் எக்லாம்ப்சியாவில் இறந்தாள். அவள் பேத்திக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்து 33 வாரத்தில், வளர்ச்சி குறைந்த குழந்தை பிறந்தது. நம் வீட்டில் யார் கர்ப்பமானாலும் முதல் தடவை போகும்போதே இந்த இரண்டையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் போனில் பேசுகிறேன். மாணவிகளே, உங்கள் வீட்டில் "ஜன்னி கண்டு போனவர்" யாராவது இருந்தால் பெரியவர்களிடம் விவரம் கேட்டு வையுங்கள். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், முகம் திடீரென்று வீங்கினால், குழந்தை அசைவு குறைந்தால் பார்லிக் கஞ்சி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே போங்கள், ராத்திரியானாலும்.

பேத்திக்கு இன்னும் பி.பி. மாத்திரை போகிறது. அடுத்த முறையும் வரக்கூடும், பிற்காலத்தில் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை நேற்று 2,100 கிராம். பார்க்க வருகிறவர்கள் அடுத்த மாதம் வாருங்கள், சளி இருந்தால் வர வேண்டாம். அம்மாவின் படத்துக்குக் கீழேதான் தொட்டில் கட்டியிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்